கம்பி விழாத புலி

என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரையைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி திருத்தங்கலில் கிடையாது என்று பத்து வருஷம் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாயை இப்போது என்ன செய்வது? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்க முடியாவிட்டால் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.

அவர் பயத்தைச் சொல்ல ஒரு நாள் போதாது. மாடு எதிரே வந்தால் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவார். வழியில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நிற்பார். வீட்டுக்குள் அதைவிட மோசம். கதவை அடித்துச் சாத்தக்கூடாது; தாழ்ப்பாளில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைத்திருந்தார். குடம், சொம்பு அடுக்குகிற பலகையில் சாக்கை இரண்டாக மடித்து விரித்திருந்தார். தீபாவளி வந்தால் என்னை இழுத்துக்கொண்டு சாத்தூருக்குத் தெற்கே அவர் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். அது கரிசல் காட்டு நடுவில் பத்து வீடு உள்ள ஊர், அங்கே வெடிச்சத்தம் கேட்காது.

“வெடி செய்யிறவ நானு. அதக் கேட்டுப் பயப்படுறது நீங்களா? நல்லா இருக்கு போங்க!” என்பேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார்.

சிவகாசியில் ஓர் அச்சாபீசில் அவருக்கு வேலை. அங்கே கேமரா ரூம் என்று ஒன்று உண்டு. வெடிப்பெட்டியில் ஒட்டுவதற்காக ஆர்ட்டிஸ்ட் வரைந்த லேபிளைச் சுவரில் மாட்டி, பீரோ அளவு இருக்கும் கேமராவால் இவர் படம் பிடித்துக் கொடுத்தால், அதை வைத்து அச்சடிப்பார்கள். வாழைப்பழம், ரோஜாப்பூ, ராஜா, ராணி எல்லாம் பிடித்திருக்கிறார். எல்லாம் வரைந்த படங்கள். அவருடைய கேமராவுக்கு முன்னால் அசைந்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. ஆளுக்கு ஏற்ற வேலை என்று நான் சொல்வேன்.

எனக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை. மருந்து என்றால் வெடிமருந்து. விடியக் காலையில் வெயில் ஏறுவதற்குள் கலக்கி முடிக்க வேண்டும். காலில் செருப்பு கூடாது, தலையில் ஊசி கூடாது, கையில் வளையல் கூடாது. ஒரு ரூமுக்கு நாலு பேர், நாலு பக்கமும் வாசல். வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சத்தம் கேட்டால் என்ன, ஏது என்று பார்க்கக் கூடாது. கண்ணுக்கு எந்த வாசலில் வெளிச்சம் தெரிகிறதோ அதில் ஓடிவிட வேண்டும். முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடமே அதுதான்.

ஐம்பத்திரண்டில், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம், எங்கள் ரூமே வெடித்துப் போனது. நாங்கள் மூன்று பேர் ஓடிவிட்டோம். நாலாவது ஆள் மாரித்தாய், பக்கத்து வாசலை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். பதினைந்தாம் நாள் நான் மறுபடியும் வேலைக்குப் போனேன். “அய்யம்மாளுக்கு நெஞ்சு கல்லு” என்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லிக்கொள்வேன்.

அறுபத்து மூன்று வைகாசியில் எங்கள் கம்பெனிக்கு அடுத்த காட்டில் ஒரு ரூம் வெடித்தது. எங்கள் ரூம் ஓடு நாலைந்து சரிந்து விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி லாரியை விட்டு இறங்கினேன். என் வீட்டுக்காரர் நிறுத்தத்தில் என்றைக்கும்போல நின்றுகொண்டிருந்தார். என் இரண்டு கையையும் தூக்கி, விரல் விரலாகப் பார்த்தார். அலுமினியப் பொடி அப்பி வெள்ளி நிறத்தில் இருந்த கைகள். நடுத்தெருவில் இது என்ன கூத்து என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் முதலாளி முன்னால் போய் நின்றிருக்கிறார். அவருக்கு முதலாளி என்றாலும் பயம்தான். போன இடத்தில் முதலாளி வேறு ஒரு கோபத்தில் இருந்தார். தீபாவளி சீசனுக்கு ஒரு பெரிய ஆர்டர், புலிப் படம் போட்ட லேபிள். ஆர்ட்டிஸ்ட் மூன்று தடவை வரைந்தும் புலி பூனையாகத்தான் வந்ததாம்.

“உயிரோட இருக்கிற புலியப் பாத்து எவனாச்சும் போட்டோ பிடிச்சிட்டு வாங்கலே! அதப் பாத்து வரையட்டும்” என்று கத்தினாராம்.

இவர் வாயிலிருந்து, “நான் பிடிச்சிட்டு வாரேன் மொதலாளி” என்று வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. “நல்லா வந்துச்சுன்னா எம் பொண்டாட்டிக்கு லேபிள் எண்ணுற ரூம்ல ஒரு எடம் போட்டுக் குடுங்க. மருந்து ரூம்ல இருக்கா.”

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தாராம். “மூஞ்சி முழுசாத் தெரியணும்லே. கூண்டுக் கம்பி ஒண்ணு குறுக்க விழுந்தாலும் எனக்கு வேணாம். கம்பி இல்லாமக் கொண்டாந்தா உம் பொண்டாட்டிக்கு எடம். இல்லேன்னா இந்தப் பேச்ச மறுபடி எடுக்கக் கூடாது.”

இதை வீட்டில் வந்து சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ராமுத்தாய் எட்டிப் பார்த்தாள். நாய்க்குப் பயந்தவர் புலிக்குப் போகிறாராம்! அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

விருதுநகரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் சத்தியநாதன் சார் ஸ்டூடியோ வைத்திருந்தார். பெரிய மனசுக்காரர். தன்னுடைய ஜெர்மன் கேமராவையும் மூன்று லென்ஸையும் எங்களை நம்பி எடுத்துக் கொடுத்தார். கேமரா உடம்பு ஒன்றுதான், முன்னால் லென்ஸை மட்டும் திருகிக் கழற்றி மாற்றலாம். நான் அவற்றுக்குக் குட்டை, நடு, நெட்டை என்று பேர் வைத்தேன். குட்டை எலுமிச்சம்பழம் அளவு. நடு ஒரு சாண். நெட்டை என் முழங்கை நீளம்.

என் வீட்டுக்காரர் நெட்டையைக் கையில் எடுத்ததுமே முகம் தெளிந்தது. “இதுல எம்புட்டுத் தூரத்துலருந்து பிடிக்கலாம் சார்?”

“தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு பிடிக்கலாம்” என்றார் சார். “ஆனா அவசரப்படாத தம்பி. முதல்ல மாட்டப் பிடிச்சுப் பழகு.”

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ராமுத்தாயின் எருமையைக் கட்டினோம். மூன்று லென்ஸிலும் பிடித்தார். கழுவிப் பார்த்ததும் சத்தியநாதன் சார் படங்களை மேஜையில் வரிசையாகப் போட்டார். நெட்டையில் பிடித்ததில் எருமை முகத்தின் குறுக்கே மூன்று பட்டை.

“பாத்தியா? மாடு ஜெயில்ல இருக்கு” என்றார் சார். “எத்தன பெரிய லென்ஸா இருந்தாலும் தூர நின்னா கம்பி விழத்தான் செய்யும். கம்பி மறையணும்னா கம்பிகிட்டவே போகணும். லென்ஸ் கம்பிய ஒட்டி இருக்கணும், புலி கொஞ்சம் தள்ளி இருக்கணும். அப்பக் கம்பி கரைஞ்சு போயிரும். அதுக்கு இந்த நடு லென்ஸ்தான். அதோட நெட்டைக்கு வெளிச்சம் நெறைய வேணும். கை லேசா நடுங்கினாலும் படம் கலங்கிரும்.”

கை நடுங்கும் என்றதும் நான் இவர் கையைப் பார்த்தேன். அது அப்போதே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“கம்பிய ஒட்டின்னா, எம்புட்டு ஒட்டி சார்?”

“ஒரு கை தூரம்.”

இவர் மூன்று லென்ஸையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஃபிலிம் அப்போது கிடைக்காத காலம். சார் யாரிடமோ சொல்லி வைத்து வாங்கிய இரண்டே ரோலைத் தந்தார்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஊர். பேர் வேண்டாம், எங்களை உள்ளே விட்டவருக்கு இன்னும் பென்ஷன் வந்துகொண்டிருக்கலாம், அதைக் கெடுப்பானேன்? திருத்தங்கலில் ரயில் ஏறினோம். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று நானும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், இவர் பயப்படுவதைப் பார்க்க எனக்கு ஆசை. செங்கோட்டை தாண்டிக் குகைக்குள் ரயில் நுழைந்து இருட்டானபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்தால் மழை. எங்கள் ஊரில் ஆனி மாதத்தில் கண்ணைத் திறக்க முடியாது. இங்கே வானமே இருண்டு கிடந்தது. “வெளிச்சம் போச்சே” என்று முனகினார்.

மிருகக்காட்சிசாலையில் மரங்களுக்கு நடுவே புலிக் கூண்டு. கூண்டுக்கு ஆறு அடி முன்னால் ஒரு தடுப்புக் கம்பி, அதற்கு இந்தப் பக்கம்தான் ஜனங்கள் நிற்கலாம். இவர் தடுப்புக் கம்பிக்கே போகவில்லை. இருபது அடி தள்ளி ஒரு மாமரத்தில் சாய்ந்துகொண்டு நெட்டையை மாட்டினார்.

“சார் என்ன சொன்னாரு, நீங்க என்ன பண்றீக?”

“இங்கனயிருந்து பாக்கேன் முதல்ல.”

புலி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் வரும்போதெல்லாம் இவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார், நானே பார்த்தேன். ஒரு ரோல் முழுக்க அப்படியே போயிற்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “கம்பியப் பிடிக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? கம்பி நம்ம வீட்டு ஜன்னல்லயே இருக்கே! நான் மருந்து ரூம்லயே கெடந்துட்டுப் போறேன், வாங்க ஊருக்கு!” என்று கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் தமிழைக் கேட்டு ஒரு காவலாளி வந்தார். செங்கோட்டைக்காரர், வேலுச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விஷயத்தைக் கேட்டார். “மூணு மணிக்குத் தீனி போடுவேன். கூண்டுக்குப் பின்னால எங்க ரூம் இருக்கு, அங்கருந்து கம்பிக்குப் பக்கத்துல போகலாம். யார்ட்டயும் சொல்லக் கூடாது அண்ணாச்சி” என்றார்.

பின்பக்கத்து ரூம் கறி வெட்டுகிற இடம். ஜன்னல் கிடையாது. மற்ற ஜனங்கள் வந்துவிடக் கூடாது என்று, நாங்கள் நுழைந்த வாசலை அவர் சாத்தித் தாழ் போட்டார். எதிரே இன்னொரு வாசல் திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கூண்டை ஒட்டி ஒரு சந்து, அதில் வானத்து வெளிச்சம் தெரிந்தது. “நான் சொல்றவரைக்கும் அந்தச் சந்துக்குள்ள போயிராதீக. கம்பி வழியா அது கை நீட்டும்” என்று சொல்லிவிட்டு, புலி படுக்கிற உள் அறையின் இரும்புக் கதவைச் சங்கிலியால் தூக்கப் போனார். இவர் இரண்டாவது ரோலைப் போட்டுவிட்டு, மேஜை மேல் குனிந்து நெட்டையைக் கழற்றி நடு லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார். மரை பொருந்தவில்லை. மறுபடி திருகினார். பொருந்தியது.

அப்போது வேலுச்சாமி கையிலிருந்து சங்கிலி நழுவிவிட்டது. இரும்புக் கதவு கல் தரையில் விழுந்தது.

அது கதவு விழுந்த சத்தம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இருட்டு ரூம், சத்தம், எதிரே வெளிச்சமாக ஒரு வாசல். ஓடினேன். நான் ஓடினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, என் கால் ஓடிற்று.

நின்றபோது முதுகில் ஈரச் சுவர் இடித்தது. எதிரே கம்பி. கம்பிக்குப் பின்னால், நாலடி தூரத்தில், புலி. அதுவும் சத்தத்துக்குத் துள்ளி அந்த மூலைக்குத்தான் வந்திருந்தது. தரையோடு பதுங்கி, வாயைப் பிளந்து, என்னைப் பார்த்துச் சீறியது. அதன் மூச்சின் வாடை என் முகத்தில் அடித்தது. ஓட நினைத்தேன், இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லை. மாரித்தாய் ஞாபகம் வந்தது. இன்றைக்கு நான்தான் மாரித்தாய் என்று நினைத்தேன். அய்யோ சாமி, அந்தப் பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

“எம்மா, அசையாதீக! சொவத்தோட ஒட்டி நில்லுங்க!” என்று வேலுச்சாமி எங்கிருந்தோ கத்தினார்.

அப்போது என் வலப் பக்கம் ஒரு வேட்டி தெரிந்தது. சுவரை ஒட்டி, பக்கவாட்டில், காலைத் தேய்த்துத் தேய்த்து அவர் வந்துகொண்டிருந்தார். நாய்க்குத் தெரு மாறுகிற மனுஷன். “ஒண்ணுமில்ல புள்ள, ஒண்ணுமில்ல, கதவுதான் விழுந்துச்சு, இங்க மருந்து இல்ல” என்று தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே வந்து, எனக்கும் கம்பிக்கும் நடுவில் நுழைந்து, என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்தச் சந்தில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவதாக ஓர் ஆள் நுழைய இடமில்லை. அவர் நெஞ்சுக்கும் கம்பிக்கும் ஒரு கை தூரம்தான். அவர் முதுகு நடுங்குவது என் கன்னத்தில் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். கிளிக் என்றது. என்னை ஓர் அடி வாசல் பக்கம் தள்ளினார். கிளிக். இன்னோர் அடி. கிளிக். வாசல் வந்ததும் இரண்டு பேரும் கறி ரூம் தரையில் விழுந்தோம்.

அவர் வாந்தி எடுத்தார். நான் அழுதேன். வேலுச்சாமி எங்கள் இரண்டு பேரையும் திட்டினார்.

ரயிலில் திரும்பி வரும்போது கேட்டேன். “அந்நேரத்துல படம் பிடிக்க எப்படிங்க மனசு வந்துச்சு?”

“படத்த யாரு நெனச்சா? நேராப் பாத்தா அது புலி, காலு நகரல. கேமரா வழியாப் பாத்தா படம். அப்படிப் பாத்ததாலதான் நிக்க முடிஞ்சது” என்றார்.

சத்தியநாதன் சார் முதல் ரோலைக் கழுவிப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்தார். எல்லாம் பட்டை, எல்லாம் கலங்கல். இரண்டாவது ரோலில் இருந்தது மூன்றே படம். முதலாவது ஆடியிருந்தது. மூன்றாவதில் பாதி சுவர். நடுப் படத்தை எடுத்து ஈரத்தோடு தூக்கிப் பிடித்தார். புலி முகம் முழுசாக இருந்தது. ஒரு கம்பி இல்லை.

முதலாளி பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினாராம். “என்னா கோவம்லே! அப்படியே பாயுதே! இதுதாம்லே புலி!” வருகிற திங்கட்கிழமையிலிருந்து என்னை லேபிள் ரூமுக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஒரு பிரதியை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்தேன். வெகு நேரம் பார்த்தேன். காது இரண்டும் பின்னால் படிந்திருந்தன. உடம்பு மூலையோடு ஒடுங்கியிருந்தது. கண் கேமராவைப் பார்க்கவில்லை; எங்கேயோ பக்கத்தில் எதையோ தேடியது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் கேட்டால் எங்கள் ரூமில் நாலு பேருக்கும் அந்த முகம்தான்.

“ஏங்க, இது கோவம் இல்லீங்க” என்றேன். “இது பயந்து போயிருக்கு. வாசல் தேடுது.”

“ஆமா” என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. “எனக்கும் பயமா இருக்குங்க. தெனமும் பயமாத்தான் இருக்கு. லாரி ஏறும்போதே இன்னைக்குத் திரும்பி வருவமான்னு இருக்கு” என்று சொல்லி அழுதேன். கல்யாணம் ஆன நாளாக அவரிடம் நான் சொல்லாதது அது ஒன்றுதான்.

“தெரியும் புள்ள” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“நம்ம கல்யாணம் ஆன மறுமாசம். சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், பலகையிலருந்து சொம்பு விழுந்துச்சு. நீ சோத்துக் கையோட தெருவுக்கு ஓடிட்ட. அப்புறம் திரும்பி வந்து உக்காந்து மிச்சத்தச் சாப்பிட்ட. ஓடினது உனக்கே தெரியல. நான் கேக்கல.”

நான் பலகையைப் பார்த்தேன். சாக்கு விரித்த பலகை. தாழ்ப்பாளைப் பார்த்தேன். துணி சுற்றிய தாழ்ப்பாள். தீபாவளிக்குத் தீபாவளி கரிசல் காட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதை நினைத்தேன்.

“அம்புட்டும் எனக்காகவா?”

“நானும் பயந்தவன்தானே” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

லேபிள் ரூமில் ஒரு தாளுக்கு இருபத்துநாலு புலி. முதல் நாளே ஒரு காகிதக் கட்டு தொப்பென்று தரையில் விழுந்தது. நினைவு வந்தபோது நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி வந்து எண்ணினேன். இருபது வருஷம் எண்ணினேன். அந்தப் புலியைப் பார்த்து ஆஹா, என்ன கோபம் என்று சொல்லாத வியாபாரி இல்லை.

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நெஞ்சு வலி. கடைசிவரை நாய்க்கும் மாட்டுக்கும் பயந்தார், அது நடிப்பு இல்லை. தாழ்ப்பாளில் துணி நைந்தால் இப்போது நான்தான் மாற்றிக் கட்டுகிறேன். போன மாதம் கடையில் ஒருவர், “பயந்தாங்கொள்ளி வெள்ளைத்துரை சம்சாரம்தானே நீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளை என்னவெல்லாமோ கேட்டுவிட்டு, வாங்க வந்த சாமானையும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பேரை ஊருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பது படி ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது.